சாயங்காலம் வரை நிற்கும் முகம்

புறங்கையால்தான் தொடுவாள். உள்ளங்கை பொய் சொல்லும் என்பது யுவராணியின் கட்சி. "உள்ளங்கை கரண்டி புடிச்சு, தொடப்பம் புடிச்சு மரத்துப் போயிருக்கும் டீச்சர். பொறங்கைக்குத்தான் அம்புட்டும் தெரியும்." வலது கை விரல்களை மடக்கி, அவற்றின் மேல்பக்கத்தைக் கல்யாணப் பெண்ணின் கன்னத்தில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு அரை நிமிடம் நிற்பாள். பிறகு ஜோசியக்காரி மாதிரி ஆரம்பிப்பாள். "நேத்து புரோட்டா தின்ன. ஒரு மணி வரைக்கும் போனு பாத்த. தலைக்கு எண்ண வச்சிட்டு, உறை மாத்தாத தலகாணில படுத்த. இந்தப் பக்கமாத்தான சாஞ்சு படுப்ப?" பெண் அசந்துபோய் அம்மாவைத் திரும்பிப் பார்க்கும். "நான் ஒண்ணும் சொல்லலட்டி" என்று அம்மா கையை விரிப்பாள்.

இராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம் போனால் செட்டியார்பட்டி. அங்கே இரண்டாவது தெருவில், முன்னறையை மட்டும் தொழிலுக்கு ஒதுக்கிய வீடு. உள்ளே ஒரு சாய்வு நாற்காலி, ஒரு ஃபேன், ஒரு அலாரக் கடிகாரம், சுவர் அலமாரியில் பாட்டில்கள். கண்ணாடி கிடையாது. மேக்கப் போடுகிற இடத்தில் கண்ணாடி இல்லாததை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. கேட்டதற்கு, "கண்ணாடிய வச்சா ஒவ்வொருத்தியும் மூக்க சுருக்குவா, வாய கோணுவா. அவிய எப்படி அமைதியா இருப்பாவ?" என்றாள். அவிய என்றால் யார் என்று எனக்கு முதலில் புரியவில்லை. தோலைத்தான் சொல்கிறாள். யுவராணிக்குத் தோல் ஒரு பெரிய மனுஷி. "அவிய இன்னிக்குக் கோவத்துல இருக்காவ." "அவியளுக்குத் தாகம் எடுக்குது." "இப்பத்தான் குடிச்சிருக்காவ, செத்த நேரம் தொந்தரவு பண்ணாத." கேட்டுக் கேட்டு எனக்கும் அந்தப் பழக்கம் வந்துவிட்டது. வீட்டில் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இந்த இடத்தில் நான் யார் என்று சொல்லிவிட வேண்டும். பெயர் சுந்தரம்மாள். இராஜபாளையத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருபத்தேழு வருடமாக அறிவியல் ஆசிரியை. மேக்கப்புக்கும் எனக்கும் காத தூரம். நெற்றிக்குத் திருநீறு, முகத்துக்குப் பவுடர், அதோடு சரி. என் அக்கா பாலம்மாளின் மகள் மாரிசெல்விக்குக் கல்யாணம் நிச்சயமானதால்தான் யுவராணியின் வீட்டு வாசலை மிதித்தேன். மிதித்த பிறகு அவள் வேலையைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே நாலைந்து தடவை போயிருக்கிறேன். எங்கள் பக்கத்துப் பெண் ஒருத்தி இவ்வளவு தெளிவாக ஒரு தொழிலைக் கையில் வைத்திருப்பதைப் பார்க்க எனக்கு ஒரே பெருமை. அதை ஒளிக்காமல் சொல்லித்தான் இதை எழுதுகிறேன்.

யுவராணிக்கு நாற்பத்தொரு வயது. கட்டை குட்டையான உடம்பு, வாரி இழுத்துப் போட்ட கொண்டை, கையில் ஒரே ஒரு வளையல். தன் முகத்துக்கு எதுவும் போடுவதில்லை. "சமையக்காரரு எல்லாப் பந்திலயும் உக்காந்தா திங்காரு?" என்பாள். ஒன்பது வருடம் நூற்பாலையில் சைடராக இருந்தவள். ஓடுகிற ஃப்ரேமில் அறுந்துபோகும் இழையை நிமிடத்தில் பிடித்து ஒட்டுகிற வேலை அது. மேக்கப்பை மதுரையில் மூன்று மாதம் படித்தாள். ஆனால் தொழிலைக் கற்றுக்கொண்டது மில்லில்தான் என்று அடித்துச் சொல்வாள்.

"மில்லுக்குள்ள காத்துல ஈரம் கொறஞ்சா இழை பொட்டு பொட்டுன்னு அறும் டீச்சர். நாங்க பஞ்ச வைவோம், மெசின வைவோம். மேஸ்திரி வந்து, மொத ஈரத்த பாருங்கம்மான்னுதான் சொல்லுவாரு. மூஞ்சியும் அம்புட்டுத்தான். பதினோரு மணிக்கு மேக்கப் வெடிச்சிருச்சுன்னு அந்தக் கம்பெனிய வைதாவ, இந்தக் கம்பெனிய வைதாவ. அடியில ஈரம் இருந்துச்சான்னு எவளாச்சும் பாத்தாளா?"

மதுரையில் கண்ணுக்கு மை தீட்ட நாலு நாள் சொல்லிக் கொடுத்தார்களாம். தோலைத் தயார் பண்ண அரை மணி நேரம். அந்தக் கோபம் பத்து வருடம் ஆகியும் தணியவில்லை. திரும்பி வந்து தன் வீட்டுக்காரரை உட்கார வைத்துத்தான் பழகியிருக்கிறாள். பொன்னுராஜ் ஆலங்குளம் சிமெண்ட் ஆலையில் வேலை பார்ப்பவர். வெயிலும் தூசியுமாகக் காய்ந்துபோன அந்தக் கன்னத்தில், எந்தக் கிரீம் எவ்வளவு நேரம் தங்குகிறது என்று தினமும் சோதனை. "கூட வேலை பாக்குறவிய எல்லாம், என்னய்யா புது மாப்பிள்ளை மாதிரி மினுக்குதீருன்னு கேக்காவட்டின்னு சண்டைக்கு வந்தாரு. இன்னிக்கு நான் மறந்தாலும் அவரே கேட்டு வாங்கிப் பூசிட்டுத்தான் சட்டையப் போடுதாரு."

அவள் வேலையில் பாதி, காத்திருப்பது. முதலில் குளிர்ந்த தண்ணீரில் முகத்தைக் கழுவி, துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுப்பாள். பிறகு சத்திரப்பட்டியில் நெய்கிற பேண்டேஜ் துணியை, கொதிக்க வைத்துக் காயப்போட்டதை, பன்னீரில் நனைத்து முகம் முழுக்கப் போர்த்துவாள். ஆஸ்பத்திரிக்குப் போகிற துணி அது. "ரத்தத்தையே உறிஞ்சுற துணி, தண்ணிய புடிச்சு வச்சுக்காதா? இதுக்கு மாஸ்க்குன்னு பேரு வச்சு ஆன்லைன்ல விக்கான், நம்ம ஊருத் துணிய விட்டுட்டு அத வாங்குதாளுவ." அலாரம் பத்து நிமிடத்துக்கு. அது அடித்ததும் துணியை எடுத்து, ஈரம் இருக்கும்போதே ஒரு பட்டாணி அளவு கிரீம். மறுபடி பத்து நிமிடம். புறங்கையை வைத்துப் பார்ப்பாள். ஒட்டினால் இன்னும் இரண்டு நிமிடம். அடுத்து மூக்கின் பக்கத்திலும் நெற்றியிலும் மட்டும், மேல் பூச்சைப் பிடித்து வைக்கிற பிரைமர், மறுபடி பத்து நிமிடம். பெண்களுக்குப் பொறுமை போய்விடும். "அஞ்சு நிமிஷம் போதாதா யுவராணி?" என்று நானே ஒரு நாள் கேட்டேன். "பிள்ளைங்க பாதி பதில் எழுதி வச்சா முழு மார்க்கு போடுவியளா டீச்சர்?" என்றாள். 

கல்யாணத்துக்குப் பதினான்கு நாளுக்கு முன்னால் பெண் ஒரு தடவை வர வேண்டும். கையில் ஒரு பேப்பர் கொடுப்பாள். அன்றிலிருந்து ஃபேஷியல் கூடாது, பிளீச் கூடாது, யார் சொன்னாலும் புதிதாக எதையும் முகத்தில் பூசக் கூடாது. தண்ணீர் குடிக்க வேண்டும். தலையணை உறையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாற்ற வேண்டும். கடைசி மூன்று நாள் தலைக்கு எண்ணெய் கிடையாது. நலங்கு வைக்கிற அத்தைமார்களுக்கும் அதில் ஒரு வரி உண்டு: மஞ்சளைக் காலில் எவ்வளவு வேண்டுமானாலும் பூசலாம், முகத்தில் ஒரு விரல் தொட்டு வைத்தால் போதும். பேப்பரை மீறினால் அவள் வரமாட்டாள். சும்மா மிரட்டல் இல்லை. இரண்டு கல்யாணங்களுக்கு, கடைசி வாரத்தில் வரமாட்டேன் என்று சொல்லியிருக்கிறாள், அதில் ஒன்று சொந்தத்துக் கல்யாணம். "என் பேரு அந்த மூஞ்சிலதான ஒட்டிக்கிட்டு நிக்குது? உரிஞ்சா என் பேருதான உரியும்?"

மாரிசெல்வி போலீஸ் கான்ஸ்டபிள். ஸ்ரீவில்லிபுத்தூரில் வேலை. வன்னியம்பட்டியில் வீடு, அப்பா சீனிச்சாமி பதினேழு வருடம் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து இப்போது தோட்டம் பார்க்கிறார். மாப்பிள்ளை பாண்டிச்செல்வமும் பட்டாளம்தான். இருபத்தைந்து நாள் லீவில் வந்து கட்டிக்கொண்டு போகிறார். மாரிசெல்வியின் முகத்தை ஐந்து வருட வெயில் இரண்டு துண்டாகப் பிரித்து வைத்திருந்தது. தொப்பிக்கு உள்ளே ஒரு நிறம், கீழே ஒரு நிறம். நெற்றியில் கோடு போட்ட மாதிரி தெரியும்.

முதல் நாள் யுவராணி அந்தக் கோட்டைப் புறங்கையால் தடவிப் பார்த்தாள். மாரிசெல்வி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அக்கா, வெள்ளையாக்குங்கன்னு நான் கேக்க மாட்டேன். காலைல எப்படி இருக்கோ அப்படியே சாயந்தரமும் இருக்கணும். எங்க ஸ்டேஷன்ல எல்லாரும் டூட்டி முடிச்சு நாலு மணிக்கு மேலதான் வருவாவ. போன வருஷம் எங்க செட்டுல ஒருத்திக்குக் கல்யாணம். சாயந்தரம் நாங்க போறப்ப அவ மூஞ்சி வெடிச்ச களிமண்ணு கணக்கா இருந்துச்சு. இன்னிக்கு வரைக்கும் அந்தப் போட்டோவ குரூப்புல போட்டுச் சிரிக்காவ. எங்க ஏட்டையா இப்பவே என்னப் பாத்து, தார் ரோட்டுக்கு எதுக்கும்மா சுண்ணாம்புன்னு கேக்காரு."

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. வருடம் முழுக்க அடுத்தவர் வீட்டுக் கல்யாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் ஓரமாக நின்று காவல் காக்கிற பிள்ளை. தன் கூட வேலை பார்க்கிறவர்கள் முன்னால் ஒரே ஒரு சாயங்காலம் தலை நிமிர்ந்து நிற்க ஆசைப்படுகிறாள்.  யுவராணி ஒரு ஸ்டூலை அவள் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "நெறம் உங்க அப்பா அம்மா கொடுத்தது, அதுல நான் கை வைக்க மாட்டேன். நெத்திக்கும் கன்னத்துக்கும் சமாதானம் பண்ணி வைக்கேன். நாலு மணி என்ன, விளக்கு வைக்கிற வரைக்கும் நிக்கும். இந்தா, பேப்பர புடி."

பேப்பரை மாரிசெல்வி சட்டம் மாதிரி கடைப்பிடித்தாள். மீறியது நான்.

கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தின திங்கட்கிழமை காலையில் மாரிசெல்வி என் வீட்டில் இருந்தாள். மேஜையில் உட்கார்ந்து இட்லி சாப்பிடுகிறாள், ஜன்னல் வெளிச்சத்தில் அந்த நெற்றிக் கோடு பளிச்சென்று தெரிகிறது. என் கை சும்மா இருக்காத கை. கடலை மாவை எடுத்தேன், கஸ்தூரி மஞ்சளைப் போட்டேன், ஒன்றரை எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தேன். "சித்தி, யுவராணி அக்கா எதையும் பூசக் கூடாதுன்னு சொல்லிருக்காவ" என்று அது கத்தியது. அதற்கு நான் சொன்ன பதிலை எழுதவே கை கூசுகிறது. "இது இயற்கைட்டி, கெமிக்கலா?" என்றேன். எட்டாம் வகுப்புக்கு வருடா வருடம் சிட்ரிக் அமிலம் நடத்துகிறவள் கேட்ட கேள்வி அது.

பூசி ஐந்து நிமிடம் ஆகவில்லை, ஸ்டேஷனிலிருந்து போன். ஊர்வலப் பந்தோபஸ்துக்கு உடனே வர வேண்டும். அவசரத்தில் இரண்டு கை தண்ணீர் அள்ளி ஊற்றிக்கொண்டு யூனிஃபார்மை மாட்டி ஓடினாள். ஒன்பது மணியிலிருந்து மூன்று மணி வரைக்கும் வைகாசி வெயிலில் நின்றிருக்கிறாள். எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் அடித்தால் வெந்துபோகும். இதுவும் எனக்குத் தெரியும், படித்திருக்கிறேன். தெரிந்து என்ன பிரயோஜனம்? புதன்கிழமை காலையில் வீடியோ காலில் முகத்தைக் காட்டினாள். கன்னம் இரண்டும் சிவந்து சொரசொரவென்று கிடந்தன. இடது பக்கம் சாறு வழிந்த இடத்தில், காதுக்குக் கீழிருந்து தாடை வரைக்கும் விரல் நீளத்துக்கு ஒரு பட்டை, அதன் மேல் சின்னச் சின்னக் கொப்புளம்.

தோல் டாக்டரிடம் காட்டினோம். களிம்பு எழுதிக் கொடுத்து, அந்தப் பட்டை ஆறுகிற வரைக்கும் அதன் மேல் எதுவும் போடக் கூடாது, மற்ற இடம் இரண்டு மூன்று நாளில் சரியாகும், வெயிலில் போகாதே என்றார். அங்கிருந்து நேரே செட்டியார்பட்டி.  ஹெட்மிஸ்ட்ரஸ் முன்னால் நிற்கக்கூட நான் அப்படிப் பயந்ததில்லை.

யுவராணி புறங்கையை வைக்கவே இல்லை. வெளிச்சத்தில் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "யாரு?" என்று ஒரு வார்த்தைதான் கேட்டாள். நான் சொன்னேன். பிறகு ஆரம்பித்தாள் பாருங்கள்.

"டீச்சர், எலுமிச்சம்பழத்தப் புது லாரிக்கு டயருல வைப்பாவ. மூஞ்சிலயா வைப்பாவ? சயின்ஸ் டீச்சருன்னு சொன்னியளே, என்ன சயின்ஸ் படிச்சிய? எட்டு நாளா இந்தப் பிள்ள குடிச்ச தண்ணி என்ன, தூங்குன தூக்கம் என்ன! நான் ஒவ்வொரு சொட்டா சேத்து வச்சத ஒரு நிமிஷத்துல வறட்டிட்டியளே! உங்க கை எங்கதான் சும்மா இருக்கும்?"

  அவள் மாரிசெல்வி பக்கம் திரும்பினாள். "எரியுதா?"

"இல்லக்கா."

"போலீஸ்காரி பொய் சொல்லலாமாட்டி?"

 "எரியுது. ஆனா சித்திய வையாதீங்க. நான்தான மூஞ்சிய காமிச்சிட்டு உக்காந்திருந்தேன். நீங்க வரமாட்டியன்னா நான் மேக்கப்பே போடல. பவுடர் பூசிட்டு நிக்கேன்."

யுவராணி கடிகாரத்தை எடுத்துத் துடைத்தாள், மறுபடி வைத்தாள், மறுபடி எடுத்தாள். ஒரு முடிவு எடுக்கும் முன்னால் அவள் எதையாவது துடைப்பாள். "பேப்பர மீறுனது நீ இல்ல" என்றாள் கடைசியில். "நான் வாரேன். ஆனா ஒண்ணு. அந்தப் பட்டையில என் கை படாது. அதை மூடித் தான்னு எவளும் எங்கிட்ட கேக்கக் கூடாது. சம்மதமா?" நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தலையாட்டினோம்.

வியாழன், வெள்ளி, சனி, மூன்று சாயங்காலமும் தன் வேலையை முடித்துவிட்டு ஸ்கூட்டியில் வன்னியம்பட்டிக்கு வந்தாள். பன்னீர்கூட வேண்டாம் என்று, கொதித்து ஆறிய வெறும் தண்ணீரில் பேண்டேஜ் துணியை நனைத்து, பட்டையை மட்டும் விட்டுவிட்டுப் போர்த்தினாள். வாசனை இல்லாத ஒரே ஒரு கிரீம். பிறகு காத்திருப்பது. வியாழக்கிழமை தொட்டுப் பார்த்து, "முறைச்சுக்கிட்டு இருக்காவ" என்றாள். வெள்ளிக்கிழமை, "பேச்சுக் கொடுத்தா பதில் சொல்லுதாவ." சனிக்கிழமை கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் நின்றாள். "குடிக்காவ டீச்சர், நல்லாக் குடிக்காவ" என்று அவள் சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா வீட்டில் இருந்த எலுமிச்சம்பழம் அத்தனையும் அதற்குள் ஊறுகாய் ஜாடிக்குள் போயிருந்தன.

கல்யாண நாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் மண்டபம், பத்தரைக்கு முகூர்த்தம். விடிந்ததும் யுவராணி வந்துவிட்டாள். மணப்பெண் அறையிலிருந்த கண்ணாடிக்கு ஒரு பெட்ஷீட்டைப் போர்த்தினாள். ஃபேனை ஒன்றில் வைத்தாள். துணி, பத்து நிமிடம். கிரீம், பத்து நிமிடம். வெளியே நாதஸ்வரக்காரர் சுருதி பார்க்கிறார், பால்கோவா டப்பாக்களை யாரோ கூச்சலோடு இறக்குகிறார்கள், அறைக்குள் மாரிசெல்வி கண்ணை மூடிச் சும்மா உட்கார்ந்திருக்கிறாள். அதற்குப் பிறகுதான் நிறப் பூச்சு. கழுத்தோடு வைத்துப் பார்த்து எடுத்த நிறம். கெட்டியாக ஒரு தடவை பூசாமல், ஈர ஸ்பாஞ்சால் மெலிசாக மூன்று தடவை ஒற்றினாள். நெற்றிக் கோடு முதல் தடவையில் மங்கி, மூன்றாவதில் காணாமல் போனது. மாரிசெல்வி மாரிசெல்வியாகவே இருந்தாள். அவள் நிறத்திலேயே, நன்றாகத் தூங்கி எழுந்த மாதிரி ஒரு முகம். தாடையில் அந்தப் பட்டை மட்டும் செம்பழுப்பாக, தொடாமல் விட்டபடி இருந்தது.

என் அக்கா பாலம்மாள் உள்ளே வந்து பார்த்தாள். முதலில் கையைச் சுற்றி நெட்டி முறித்தாள். பிறகு கண் அந்தப் பட்டைக்குப் போனது. சம்மதம் சொன்னது நானும் மாரிசெல்வியும்தானே, அவள் இல்லையே. "ஏம்மா யுவராணி, இம்புட்டும் செஞ்சிட்டு அதை விட்டுட்டியே. கொஞ்சம் மூடிரும்மா. மாப்பிள்ள வீட்டாளுவ என்ன நெனப்பாவ?"

"மூடலாம்மா. எட்டு மணிக்கு நீங்க சிரிப்பிய. பதினோரு மணிக்கு அந்த இடம் மட்டும் வெடிச்சு உரியும். பொறவு அது பக்கத்துல உள்ளதையும் கூட்டிட்டுப் போகும். புண்ணும் ஆறாது. இப்படியே விட்டா அது பாட்டுக்குக் கெடக்கும்."

அக்கா கேட்கவில்லை. ஒரு நாள்தானே, போட்டோ காலத்துக்கும் நிற்குமே என்று கண்ணைக் கசக்கினாள். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. அந்தப் பட்டை ஒவ்வொரு போட்டோவிலும் என் கையெழுத்து மாதிரி இருக்கப் போகிறது. யுவராணி யாரோடும் வாதாடவில்லை. கண்ணாடி மேலிருந்த பெட்ஷீட்டை உருவினாள். "நீ பாத்து சொல்லுட்டி. உன் மூஞ்சி."

மாரிசெல்வி எழுந்து போய்க் கண்ணாடி முன்னால் நின்றாள். வலது பக்கம் திரும்பினாள், இடது பக்கம் திரும்பினாள், அந்தப் பட்டையை ரொம்ப நேரம் பார்த்தாள். "வேண்டாம்மா, இருக்கட்டும்" என்றாள். "எனக்குச் சாயந்தரம் வேணும்."

அதற்குப் பிறகு நடந்தது ஒரு நாள் முழுக்க ஒரு முகத்துக்குக் காவல். மண்டபத்தில் ஏசி கிடையாது. ஓமப் புகை, வீடியோக்காரரின் லைட்டு, மூச்சு விட முடியாத கூட்டம். மாப்பிள்ளையின் சட்டை முதுகோடு ஒட்டிப் போயிற்று. மற்ற பெண்களின் முகத்தில் பவுடர் கோடு கோடாக வழிந்தது. யுவராணி தூண் ஓரமாக நின்றாள். மொத்தம் மூன்று தடவைதான் மேடை ஏறினாள். ஒரு டிஷ்யூவை மூக்கின் பக்கத்தில் வைத்து அழுத்தி எடுத்தாள், தேய்க்கவில்லை. மாப்பிள்ளை வீட்டு அத்தை ஒருத்தி பவுடர் டப்பாவோடு மேடைப் படியில் கால் வைத்தாள். "சாப்டாச்சா மைனி? பாயாசம் தீரப் போகுதாம்" என்று சொல்லி யுவராணி அவளை அப்படியே பந்திப் பக்கம் திருப்பிவிட்டாள். இவளோ காலையிலிருந்து ஒரு வாய் சாப்பிடவில்லை. நான் இலை போட்டுக் கூப்பிட்டபோது, "அவிய அங்க தனியா நிக்காவ, நான் இங்க வந்து திங்கவா?" என்றாள். பதினோரு மணி வந்தது, போனது. ஒரு மணி, இரண்டு மணி, மூன்று மணி. நான் மேடைக்குப் போய்ப் போய்ப் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒரு கீறல் இல்லை, ஒரு திட்டு இல்லை.

நாலேகால் மணிக்கு ஸ்டேஷன்காரர்கள் வந்தார்கள். முன்னால் ஏட்டையா நவநீதகிருஷ்ணன், பின்னால் ஏழெட்டுப் பேர். மேடையேறிப் பரிசுப் பெட்டியைக் கொடுத்துவிட்டு, அவர் மாரிசெல்வியின் முகத்தைப் பார்த்தார். ஏதோ கிண்டலோடு வந்திருப்பார் போல, வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டார். "இப்பத்தான் மேக்கப் போட்டியாம்மா?" என்றார்.

"காலைல ஆறு மணிக்கு ஏட்டையா."

மாரிசெல்வி அதைச் சொன்ன விதத்தை நான் சாகிற வரை மறக்க மாட்டேன். முதுகை நிமிர்த்தி, ரிப்போர்ட் கொடுக்கிற மாதிரி சொன்னாள். அவர் திரும்பி, தன் கூட வந்தவர்களைப் பார்த்து, "ஏலே, நல்ல போட்டோவா எடுங்க" என்றார். தாடையிலிருந்த பட்டையை ஒருத்தரும் கேட்கவில்லை. நான் தூண் பக்கம் பார்த்தேன். யுவராணி டிஷ்யூவை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டிருந்தாள், தன் வேலை இல்லை என்பது மாதிரி. ஆனால் அவள் காது வரைக்கும் சிரிப்பு இருந்தது.

ஐந்து மணிக்கு மேல் பெண்ணைக் கூட்டி அனுப்புகிற நேரம். மண்டப வாசலில் கார் நின்றது. நாள் முழுக்க மாரிசெல்வி ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அம்மா கட்டிப் பிடித்து அழுதபோதுகூட முதுகில் தட்டிக் கொடுத்துக்கொண்டு நின்றாள். சீனிச்சாமி மச்சான் காரைச் சுற்றி வந்து டயரை எல்லாம் அழுத்திப் பார்த்தார். பெட்டிகளை எண்ணினார். கடைசியில் மகளுக்கு முன்னால் வந்து நின்றார். பதினேழு வருடப் பட்டாளத்துக்காரருக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. "டூட்டிக்குப் போறப்ப ஹெல்மெட்டப் போட்டுக்கம்மா" என்றார். 

அவ்வளவுதான். மாரிசெல்வி உடைந்துவிட்டாள். தேம்பல், விம்மல், கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டுகிறது. அப்பா கையைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுகிறாள். ஏட்டையாவும் மற்றவர்களும் அங்கேதான் நிற்கிறார்கள், போட்டோக்காரர் எடுத்துக்கொண்டே இருக்கிறார். எனக்கு ஐயோ என்று இருந்தது. மூன்று நாள் ஈரத் துணி, காலையிலிருந்து பட்ட பாடு, எல்லாம் இதோ கரைந்து ஓடப் போகிறது. இடுப்பில் செருகியிருந்த கைக்குட்டையை உருவிக்கொண்டு, கூட்டத்தை விலக்கி, கன்னத்தை ஒற்றிவிடக் கையை நீட்டினேன்.

என் கை பாதி வழியில் நின்றது. யுவராணி என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. பார்வை முழுக்க மாரிசெல்வியின் முகத்தின் மேல் இருந்தது. கண்ணீர் கன்னத்தில் இறங்கி, அந்தப் பட்டையைத் தாண்டி, தாடையிலிருந்து பட்டுச் சேலையில் சொட்டிக்கொண்டே இருந்தது. வந்த வழியில் ஒரு கோடுகூட விழவில்லை. மாரிசெல்வி அழுது முடித்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு காரில் ஏறுகிற வரைக்கும் யுவராணி என் கையை விடவில்லை.